சலூன்காரர் போட்ட பிரஷர்

இலவசமாக எவன் எதைக் கொடுத்தாலும் சலூன்காரர் முதலில் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு. பல்கலைக்கழகத்துப் பெண் அந்த வெள்ளைப் பெட்டியை நீட்டியபோதும் திருப்பித்தான் பார்த்தார். அடியில் நான்கு ரப்பர் பொட்டு மட்டும் இருந்தது. அதனால் சந்தேகம் இன்னும் கூடிப்போயிற்று.

"பிரஷர் மெஷின் ஐயா," என்றாள் அவள். பல்கலைக்கழகத்தில் நர்சிங் படிப்பவர்களுக்குப் பாடம் எடுப்பவள். தெருவில் எல்லோரும் அவளை டீச்சரம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். "ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவங்ககூட முடி வெட்ட உங்ககிட்ட வந்துதானே ஆகணும்? உட்கார்ந்ததும் கையில இந்தப் பட்டையைக் கட்டி ஒரு பட்டனை அழுத்துங்க. வர்ற நம்பரை நோட்டுல எழுதுங்க. அதிகமா இருந்தா எதிர்த்த கம்யூனிட்டி ஹாலுக்கு அனுப்பிடுங்க. வியாழக்கிழமை வியாழக்கிழமை எங்க டாக்டர் அங்க உட்காருவார். காசு கிடையாது."

"காசு கிடையாதுன்னா வேற என்னமோ இருக்குன்னு அர்த்தம்."

"வேற ஒண்ணும் இல்ல ஐயா."

"அப்ப உங்களுக்கு இதுல என்ன லாபம்?"

அவள் ஒரு விநாடி முழித்தாள். அந்த ஒரு விநாடி போதும் சலூன்காரருக்கு. ஆளைப் பிடித்துவிட்டோம் என்று முடிவு கட்டிவிட்டார்.

பல்கலைக்கழகத்தை அவர் இருபது வருஷமாகப் பார்க்கிறார். கடையிலிருந்து எட்டிப் பார்த்தால் எதிர்ச்சாரியில் அதன் நீளச் சுவர். ஒரு சமயம் அங்கிருந்து கொசு எண்ண வந்தார்கள். எண்ணினார்கள், எழுதினார்கள், போய்விட்டார்கள். கொசு இங்கேயே இருக்கிறது. இன்னொரு சமயம் வீடு வீடாக வந்து, தினமும் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டார்கள். அதைக் கேட்பதற்காக மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பினார்கள்.

"இதெல்லாம் நமக்குச் சரிப்படாதும்மா, எடுத்துட்டுப் போங்க," என்றார்.

"பரவாயில்ல ஐயா," என்று அவள் பெட்டியை மூடினாள். "முனையில புதுசா ஒரு சலூன் இருக்கே, கண்ணாடிக் கதவு போட்டு. அங்க கேட்டுப் பார்க்கிறேன்."

சலூன்காரரின் கை தானாக நீண்டு பெட்டியைப் பிடித்துக்கொண்டது. கண்ணாடிக் கடையில் ஏசி இருக்கிறது, தலையைக் கழுவிவிடுகிறார்கள், சாய்ந்து படுக்கிற நாற்காலி இருக்கிறது. பிரஷர் மெஷினும் போய்ச் சேர்ந்தால் இங்கே வருகிற நாலு தலையும் அங்கே போய்விடும்.

"வச்சுட்டுப் போங்க," என்றார்.

அவள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். பட்டையை முழங்கைக்கு மேலே எங்கே கட்டுவது, கையை எங்கே வைப்பது, கட்டியிருக்கும்போது ஏன் பேசக்கூடாது, எல்லாம். சலூன்காரர் மண்டையில் ஏறியது ஒன்றே ஒன்றுதான்: நூற்றிருபதுக்கு எண்பது இருந்தால் நல்லது.

அவ்வளவு தெரிந்தால் போதாதா? மெஷினைப் பவுடர் டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். மனுஷன் உடம்புக்குள் ஓடுகிற ரத்தத்தைப் பற்றி ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு என்ன தெரியும் என்பது அவர் கட்சி. ஆனால் நோட்டை விடவில்லை. சாயங்காலம் கடையைப் பெருக்கிய பிறகு, டீ குடித்துக்கொண்டே அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பிரஷர் போடுவார். வந்தவர் கேட்டால், வேலை செய்யும்போதே கழுத்து நாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன் என்று சொல்லி நம்பரையும் சொல்வார்.

சும்மா வாய்க்கு வந்ததைப் போட்டார் என்று சொல்லக் கூடாது. ஆளைப் பார்த்துத்தான் போட்டார். ஒழுங்காக வந்தோமா, முடியை வெட்டினோமா, போனோமா என்று இருப்பவருக்கு நூற்றிருபது. வாசலில் நின்று மூக்கைச் சிந்துகிறவருக்கு நூற்று இருபத்து நான்கு. வெட்டி முடித்த பிறகு 'இங்கே கொஞ்சம் எடுங்க, அங்கே கொஞ்சம் எடுங்க' என்று உயிரை வாங்குகிற பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியாருக்கு நூற்று இருபத்தாறு. அதற்கு மேல் யாருக்கும் ஏற்றியதில்லை. பாவம் பார்ப்பார்.

மனைவியின் தம்பிக்கு மட்டும் எப்போதும் நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தெட்டு. தெருவிலேயே நல்ல பிரஷர் அதுதான். சொந்த மைத்துனருக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

மைத்துனர் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். ஐம்பத்திரண்டு வயது. காலையில் நாற்பது பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மறுபடி இரண்டு மணிக்குப் பஸ்ஸை எடுக்கும்வரை அவருக்கு வேலை கிடையாது. சலூனில்தான் உட்கார்ந்திருப்பார். அவருக்கென்று ஒரு மீசை உண்டு. மூக்குக்குக் கீழே கிளம்பி, கன்னத்தில் பாதி தூரம் போய், அங்கே நின்று மேலே பார்க்கிற மீசை. பிள்ளைகள் மீசை அங்கிள் என்றுதான் கூப்பிடும். ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு முன்னால் கண்ணாடியில் மீசையைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்.

சலூன்காரர் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசுவதை மைத்துனர் போல உன்னிப்பாகக் கேட்கிறவர் வேறு யாரும் இல்லை.

"முதல்ல பேரைக் கேப்பான் மாப்ள. அப்புறம் வயசைக் கேப்பான். அப்புறம் நீ வியாதிக்காரன்னு எழுதிடுவான். எழுதிட்டானா, அப்புறம் நீ வியாதிக்காரன்தான்."

"கரெக்ட் மாமா," என்பார் மைத்துனர், பின்னந்தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு. கொஞ்ச நாளாக அவருக்கு அங்கே ஒரு வலி.

இப்படி ஐந்து மாதம் போயிற்று. சனிக்கிழமைதோறும் டீச்சரம்மா வந்து நோட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவாள். ஒவ்வொரு வாரமும் அவள் முகத்தில் சந்தோஷம் கூடிக்கொண்டே போனது. சலூன்காரருக்கும் சந்தோஷம்தான். நல்ல பெண், நாலு நல்ல நம்பரைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, மைத்துனருக்கு ஒரு பக்கக் கன்னத்தைச் சவரம் செய்து முடித்து மறுபக்கத்துக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தபோது, டீச்சரம்மா இன்னும் இரண்டு பேரோடு கடைக்குள் வந்தாள். கூட ஒரு பெரிய பேராசிரியர், ஒரு கேமராக்காரர்.

"ஐயா, எங்க புரொபசர். உங்களைப் பார்க்கணும்னு வந்திருக்கார்."

பேராசிரியர் சலூன்காரரின் ஈரக்கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாங்க சுத்துவட்டாரத்துல பத்துத் தெருவுல பிரஷர் பார்த்திருக்கோம். எல்லா இடத்துலயும் மூணு பேர்ல ஒருத்தருக்கு அதிகம். உங்க தெருவுல மட்டும் ஒரே ஒருத்தருக்குக்கூட இல்ல! நீங்கல்லாம் என்ன செய்யறீங்க? நிறைய நடக்கறீங்களா? உப்பைக் குறைச்சிருக்கீங்களா?"

"எல்லாரும் நல்ல மனுஷங்க சார்," என்றார் சலூன்காரர்.

பேராசிரியர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்: "இவ்வளவு ஆரோக்கியமான தெருவுக்கு டாக்டர் எதுக்கு? அவரை அடுத்த வாரத்துலேர்ந்து தேவைப்படற இடத்துக்கு அனுப்பறோம். இன்னைக்குத்தான் இங்க கடைசி."

தொலைந்தார்கள் என்று நினைத்துக்கொண்டார் சலூன்காரர்.

"போறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ," என்றார் பேராசிரியர். "நீங்க எப்படிப் பார்க்கறீங்கன்னு இவர் கையில கட்டிக் காட்டுங்க."

சலூன்காரர் பவுடர் டப்பாக்களை நகர்த்தி மெஷினை எடுத்தார். மேலே படிந்திருந்த தூசியை வேட்டி நுனியால் துடைத்ததை யாரும் பார்த்தார்களா தெரியவில்லை. பட்டையை மைத்துனரின் கையில் சுற்றினார். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் சுற்றினார்.

"இன்னும் மேல ஐயா," என்றாள் டீச்சரம்மா மெதுவாக. "முழங்கைக்கு மேல."

"தெரியும்மா. மேலே போகத்தான் போறேன்."

மெஷின் உறுமியது, பட்டை உப்பியது, இறங்கியது. மெஷின் திரையில் எண்கள் வந்து நின்றன. இருநூற்றுப் பதினான்கு. கீழே நூற்று இருபத்திரண்டு.

கேமராக்காரர் ஒரு படம் எடுத்தார். டீச்சரம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. நோட்டைப் புரட்டினாள்.

"போன வாரம் நூத்திப் பதினெட்டு இருக்கே... எல்லா வாரமும் நூத்திப் பதினெட்டு." மைத்துனரைப் பார்த்தாள். "அண்ணா, உங்களுக்குத் தலைவலி ஏதாவது இருக்கா?"

"நாப்பது பிள்ளைங்க காதுகிட்ட கத்தினா உங்களுக்கு வராதா?" என்றார் மைத்துனர்.

"மெஷின்ல கோளாறா இருக்கும்," என்று பேராசிரியர் தன் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். டீச்சரம்மா கட்டினாள். நூற்று நாற்பத்திரண்டு வந்தது. பேராசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சட்டைக் கையை இறக்கிவிட்டார். டீச்சரம்மா தன் கையில் கட்டிப் பார்த்தாள். நூற்றுப் பத்து. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

"அஞ்சு நிமிஷம் யாரும் பேசாம இருங்க. மறுபடி பார்க்கலாம்," என்றாள்.

அந்தக் கடையில் ஐந்து நிமிஷம் ஆட்கள் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. சலூன்காரருக்கு அந்த ஐந்து நிமிஷம் ஐந்து மாதமாக இழுத்தது. நோட்டு டீச்சரம்மாவின் மடியில் விரிந்து கிடந்தது. அவர் கையெழுத்து, அவர் பேனா. நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பதினெட்டு என்று மேலிருந்து கீழே வரிசையாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது தடவை இருநூற்றுப் பதினெட்டு வந்தது.

"இப்பவே எதிர்த்த ஹாலுக்கு வாங்க அண்ணா. டாக்டர் இருக்கார்," என்றாள் டீச்சரம்மா. குரல் மாறியிருந்தது. "இது ரொம்ப அதிகம். மூளையில ரத்தக் குழாய் வெடிக்கலாம். விளையாட்டு இல்ல."

"நான் எங்கயும் வரல. ரெண்டு மணிக்கு எனக்கு டிரிப்." மைத்துனர் பட்டையைப் பிய்த்து எறிந்தார். "அஞ்சு மாசமா எங்க மாமா பார்த்துட்டு வர்றார். ஒரு நாள் ஏறினது கிடையாது. இன்னைக்கு நீங்க மூணு பேரு உள்ள வந்தீங்க, ஏறிடுச்சு. அவரையே கேளுங்க. சொல்லுங்க மாமா."

எல்லோரும் சலூன்காரரைப் பார்த்தார்கள். கண்ணாடிக்குள் இருந்த ஆட்களும் சேர்ந்து பார்த்தார்கள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இவர்கள் போய்விடுவார்கள். மானம் தப்பும். மைத்துனர் பஸ்ஸை எடுப்பார். பஸ்ஸில் நாற்பது பிள்ளைகள் இருக்கும்.

"நான் ஒரு நாளும் பார்க்கல," என்றார்.

"என்னது?"

"நாடியும் பார்க்கல, மெஷினையும் எடுக்கல மாப்ள. எல்லாம் நானா எழுதினது."

பேராசிரியர் காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சில் போய் மெதுவாக உட்கார்ந்தார். டீச்சரம்மா நோட்டை மூடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. கேமராக்காரர் மட்டும் இதைப் படம் எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

"அப்ப என் நூத்திப் பதினெட்டு?" என்றார் மைத்துனர்.

"உனக்குன்னு நல்லதா பார்த்துப் போட்டேன்."

மைத்துனர் கண்ணாடி வழியாக அவரையே பார்த்தார். பிறகு சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "அஞ்சு மாசம் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கீங்க. இன்னைக்குச் சொல்றது நிஜம்னு நான் எதை வச்சு நம்பறது? பேரைக் கேப்பான், வயசைக் கேப்பான், வியாதிக்காரன்னு எழுதிடுவான்னு சொன்னது யாரு? நீங்கதானே? இப்ப இவங்களோட கூட்டுச் சேர்ந்துட்டீங்களா?"

"மாப்ள, நான் சொல்றதைக் கேளு..."

"கேட்டது போதும். பிரஷர்னு எழுதினா ஸ்கூல்ல பஸ் சாவியை வாங்கி வச்சுக்குவான். நான் கிளம்பறேன்."

எழுந்தே விட்டார். டீச்சரம்மா கெஞ்சினாள், பேராசிரியர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எதுவும் காதில் ஏறவில்லை. தான் இத்தனை நாளாகப் போட்ட தூபம் எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கிறது என்று சலூன்காரர் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்.

பேச்சு செல்லாக்காசாகிவிட்டது. கையில் கத்தி இருந்தது.

"சரி, போ," என்றார் தணிந்த குரலில். "ஒரு பக்கம் நுரையோட ரோட்டுல போவியா? உட்கார். அரை நிமிஷம். முடிச்சுவிடறேன்."

அது நியாயமாகப் பட்டது மைத்துனருக்கு. உட்கார்ந்து தலையைச் சாய்த்தார். சலூன்காரர் இடது கையால் அவர் மூக்கு நுனியைத் தூக்கிப் பிடித்தார். ஒரே இழுப்பு. நாற்பது வருஷம் பழகின கை. இடது பக்க மீசை முழுசாக, வாலோடு, மடியில் விரித்திருந்த துணியில் வந்து விழுந்தது.

மைத்துனர் கண்ணாடியைப் பார்த்தார். மடியைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.

"மாமா!"

"மீதியை ஹால்ல வச்சு எடுக்கறேன்," என்றார் சலூன்காரர். கத்தியைத் துடைத்து மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "டாக்டர் உன்னைப் பார்த்த பிறகு."

"கண்ணாடிக் கடைக்குப் போய் எடுத்துக்கறேன் நான்!"

"போயேன். ஸ்கூல் வாசலைத் தாண்டித்தானே போகணும்? இன்டர்வல் நேரம். பிள்ளைங்கல்லாம் வெளியிலதான் நிக்கும்."

மைத்துனர் வாயைத் திறந்தார். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. டீச்சரம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசியில், மேலே போட்டிருந்த துணியையே முகத்தில் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, அவர் ரோட்டைக் கடந்தார். முன்னால் கத்தியோடு சலூன்காரர், பின்னால் மெஷினோடு டீச்சரம்மா, அதற்குப் பின்னால் பேராசிரியர். டீக்கடையில் நின்றவர்கள் பல்கலைக்கழகம் ஒரு ஆளைக் கடத்திக்கொண்டு போவதாகவே நினைத்தார்கள்.

ஹாலில் டாக்டர் துணியை விலக்கிப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்தார். ஒரு பக்கம் மீசை, ஒரு பக்கம் வெறுமை. முகமே கோணியதுபோல் இருந்தது அவருக்கு.

"வாய் இழுத்திருக்கா? சிரிங்க பார்ப்போம்! பல்லைக் காட்டுங்க!"

"எதைப் பார்த்து சார் சிரிக்கச் சொல்றீங்க?" என்றார் மைத்துனர்.

"அது வாய் இழுக்கல சார், மீசையை நான்தான் எடுத்தேன்," என்று சலூன்காரர் விளக்கினார். டாக்டர் அவரை வெளியே நிற்கச் சொன்னார்.

கதவிடுக்கு வழியாக அவருக்குக் கேட்டது. இந்தப் பிரஷரோடு பஸ் ஓட்டினீர்களா என்று டாக்டர் கேட்டார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதாவது ஆனால் பின்னால் எத்தனை பேர் என்று கேட்டார். "நாப்பது," என்றது மைத்துனரின் குரல். அதற்குப் பிறகு அந்தக் குரல் எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. மாத்திரை கொடுத்தார்கள், பல்கலைக்கழக ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றினார்கள். கண், சிறுநீரகம் எல்லாம் பார்க்க வேண்டுமாம், நாலைந்து நாள் இருக்க வேண்டுமாம். பிரஷர் இறங்கினால் வண்டி ஓட்டலாம் என்று டாக்டரே எழுதிக் கொடுப்பாராம். அதுவரை சாவி ஸ்கூலில் இருக்கட்டும் என்றாள் டீச்சரம்மா. மீதி மீசையை எடுக்கச் சலூன்காரர் வண்டிக்குள் ஏறப் பார்த்தார். ஓடுகிற வண்டியில் கத்தி கூடாது என்று இறக்கிவிட்டார்கள்.

அன்று வீட்டில் அவருக்கு நடந்த பூஜையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

"என் தம்பி கையில ஒரு பட்டையைக் கட்ட உங்களுக்குச் சோம்பல். மீசையை எடுக்க மட்டும் கை ஓடிச்சா?" என்றாள் மனைவி. சோறு அவரே போட்டுக்கொண்டார்.

ஐந்து மாத நோட்டும் குப்பைக்குப் போயிற்று. டீச்சரம்மா அழாத குறை. பேராசிரியர் மட்டும் ஒரு விஷயம் சரியாகச் சொன்னார்: இந்தத் தெரு ஆரோக்கியமான தெரு என்பதற்கு இனி ஒரு ஆதாரமும் இல்லை, அதனால் டாக்டர் இங்கேயே உட்காரட்டும். மெஷினைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் டீச்சரம்மா வந்தாள். சலூன்காரர் கொடுக்கவில்லை. அவள் எதிரிலேயே வரிசையில் இருந்த ஆறு பேருக்கும் கட்டிக் காட்டினார். ஆறில் இரண்டு பேரை எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டியிருந்தது.

அதில் ஒருவர் கணக்கு வாத்தியார். "நூத்தி எழுபதா? போன வாரம் நூத்தி இருபத்தாறுதானே போட்டீங்க?"

"அது உங்க குணத்துக்குப் போட்டது சார். இது பிரஷர்."

நாலாம் நாள் சலூன்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார். சோப்பும் கத்தியும் கொண்டுபோனார். மைத்துனர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பாதி மீசையோடு.

"மாப்ள, அசையாம இரு. சமமாக்கிடறேன்."

"தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன். இது இருக்கணும். வர்றவன் போறவனெல்லாம் என்ன ஆச்சுன்னு கேக்கறான். முதல்லேர்ந்து சொல்லிட்டு இருக்கேன். இந்த வார்டு முழுக்க உங்களைத் தெரியும்."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்து, "ஓ, இவர்தானா?" என்றார்.

நர்ஸ் மெஷினோடு வந்தாள். மைத்துனர் கையை நீட்டவில்லை. "இரும்மா. அவர் கட்டட்டும். அஞ்சு மாசம் கட்டினதா எழுதினவராச்சே, கட்டத் தெரியுதான்னு பார்ப்போம்."

சலூன்காரர் முழங்கைக்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டுப் பட்டையைச் சுற்றினார். குழாய் உள்ளங்கைப் பக்கம் வருகிறதா என்று பார்த்தார். கையைத் தலையணைமேல் தூக்கி வைத்தார். பட்டனை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எண் வந்ததும் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எவ்வளவு?" என்றார் மைத்துனர்.

"நூத்தி நாப்பத்தெட்டு. கீழ தொண்ணூத்திரண்டு."

மைத்துனர் நர்ஸைப் பார்த்தார். அவள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். மைத்துனரின் முகம் சுருங்கிவிட்டது.

"சொந்த அக்கா புருஷன்," என்றார். "ஒரு பத்தாவது குறைச்சுச் சொல்லக் கூடாதா?"

"பேசாத, ஏறும்," என்று சலூன்காரர் பட்டனை இன்னொரு தடவை அழுத்தினார்.